அம்மையில் ‘செத்த’ ஊமைத்துரை! எமனை ஏமாற்றிய ஒப்பாரி

ராஜபாளையம் பக்கத்துச் சேத்தூர், கொல்லங்கொண்டான் எல்லாம் பாளையங்களாக இருந்த காலம். 1801 மே 24-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தது. கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை பிணங்களுக்கு நடுவே குற்றுயிராய்க் கிடந்தார்.

மகனைத் தேடி ஒரு தாய் வந்தாள். மகனுக்கு உயிர் இருந்தது. தன்னை விட்டுவிட்டுச் சாமியைக் காப்பாற்றச் சொன்னான் அவன்! (ஊமைத்துரையைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.)

பெற்ற வயிறு என்ன பாடு பட்டதோ! அவரைத் தூக்கிப்போய் வீட்டில் கிடத்தினார்கள்.

எட்டயபுரம் ஆட்கள் துரத்தி வந்தார்கள். உடம்பைத் துணியால் மூடி, பையன் அம்மையில போயிட்டான் என்று பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் எடுத்தார்கள் ஓட்டம்!

எழுதி வைத்தவர் எதிரிப்படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ்.

பிழைத்தவர் மருது சகோதரர்களோடு சேர்ந்து மறுபடி வாளெடுத்தார். 1801 நவம்பர் 16-ல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார்.