மரத்துப்போன பாதத்துக்கு எருக்கிலை கட்டலாமா?

அம்பத்தூர் முதல் ஆவடி வரை எந்த மருந்துக் கடையில் பத்து நிமிடம் நின்றாலும், “கால் எரியுது, நரம்புக்கு ஏதாவது கொடுங்க” என்று யாராவது கேட்டு வருவார்கள். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர். அவர்களில் பலருக்குப் பாதிப்பு முதலில் தெரிவது பாதத்தில்தான். திருமுல்லைவாயில் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் சில சந்தேகங்களை எடுத்துக்கொள்வோம்.

கால் மதமதப்பு என்றாலே சுகர்தானா?

பெரும்பாலும் ஆம். ஆனால், அப்படியே முடிவு கட்டிவிடக் கூடாது. சர்க்கரைக்காகப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் சுத்த சைவக்காரர்களுக்கும் வைட்டமின் பி12 குறையலாம். குடிப்பழக்கம், தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநியாசிட் மாத்திரை, புற்றுநோய்க்கான கீமோ என்று காரணங்கள் வேறு வேறு. தோலில் உணர்ச்சியற்ற வெளிர்ந்த படை இருந்தால் தொழுநோயா என்றும் பார்க்க வேண்டும். காரணம் தெரியாமல் எந்த வைத்தியத்தை ஆரம்பித்தாலும் அது குருட்டாம்போக்குதான். பி12 குறைவு மாதிரியானவற்றைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் நன்றாகவே சரிசெய்யலாம்.

எருக்கிலையைப் பாதத்தில் கட்டினால் சுகரும் குறையும், மரப்பும் போகும் என்கிறார்களே?

மாசிலாமணீசுவரர் கோயிலின் எருக்கந்தூண்களால் பேர்பெற்ற ஊரில் எருக்கைக் குறைத்துப் பேச மனம் வராது. ஆனால், இலையைக் காலில் கட்டிச் சர்க்கரை குறையும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும். கை வழியாகக் கண்ணில் பட்டால் இன்னும் ஆபத்து. செங்கல்லைச் சுடவைத்து, அதன்மேல் எருக்கிலையைப் போட்டுக் குதிகாலை வைக்கும் ஒத்தடமும் உண்டு. அது குதிகால் வலிக்குச் செய்வது. சூடு உறைக்காத பாதத்துக்கு அதைச் செய்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வெந்நீரில் கால் வைப்பதும் அப்படித்தான். வைத்தே ஆக வேண்டும் என்றால், உணர்ச்சி சரியாக உள்ள வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்க்கட்டும்.

உணர்ச்சியற்ற பாதத்தின் விஷயத்தில் உலகத்துக்கே பாடம் சொன்னது நம் வேலூர். 1946இல் அங்கே வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் சிதைவது ஏன் என்று ஆராய்ந்தார். சதை தானாக அழுகவில்லை. வலி தெரியாததால் அடிபட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப அடிபடுகிறது என்பது அவர் கண்டது. தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துவந்த எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கிறார்கள். என்னைக் கேட்டால், பல நூறு ரூபாய் எண்ணெய்களைவிட அந்தச் செருப்புக்கு மதிப்பு அதிகம்.

சித்த மருத்துவம் பார்க்கலாமா?

பார்க்கலாம், பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம். அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையும் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கும்போது, லேபிள் இல்லாத பொட்டலத்தை வாங்குவானேன்? 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. ஈயமும் ஆர்செனிக்கும் நரம்பையே கெடுப்பவை. நரம்புக்கு மருந்து என்று வாங்கி நரம்பைப் பறிகொடுப்பதா? “சர்க்கரை நோய் அடியோடு குணமாகும்” என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படிச் சொல்பவர் இன்சுலினையும் நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வைட்டமின் மாத்திரையில் கெடுதல் என்ன இருக்கிறது?

பி12 குறைவாக இருப்பவருக்கு அது மருந்து. ஆனால் பி6 அளவுக்கு மீறி நெடுநாள் உள்ளே போனால், அதுவே மதமதப்பைக் கொண்டுவரும். டானிக், மாத்திரை, சத்துமாவு என்று மூன்றிலும் அது இருப்பதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஆல்ஃபா லிபோயிக் அமிலம் சில வாரங்களில் எரிச்சலைக் குறைத்ததாக முந்தைய ஆய்வுகள் கூறின. 2024இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வோ, ஆறு மாதம் சாப்பிட்டாலும் பெரிய பலன் இருக்காது என்றே சொல்கிறது. மாதச் செலவைக் கணக்குப் போட்டு முடிவெடுங்கள்.

அக்குபஞ்சர், வெப்பப் படுக்கை?

அக்குபஞ்சரில் சிலருக்கு வலி குறைகிறது. ஆய்வுகள் சிறியவை, உறுதியாகச் சொல்லப் போதாது. புதிய ஊசி, புண் இல்லாத கால், இந்த இரண்டும் இருந்தால் முயல்வதில் தவறில்லை. அகச்சிவப்புக் கதிர்க் கருவிகளுக்கு அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு 2006இலேயே பணம் தர மறுத்துவிட்டது. இலவசமாகப் படுக்க வைத்து, பிறகு கருவியை விற்கும் மையங்களில் அதையும் நினைவில் வையுங்கள். மரத்த பாதத்துக்குச் சூடு வேண்டவே வேண்டாம்.

அப்படியென்றால் இங்கிலீஷ் மருந்து குணமாக்குமா?

அதுவும் இல்லை. பிரகாபலின், டூலாக்செடின், அமிட்ரிப்டிலின் எல்லாம் எரிச்சலையும் வலியையும் தணிப்பவை. கெட்ட நரம்பைத் திருப்பித் தருபவை அல்ல, மரப்பையும் போக்குபவை அல்ல. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைச் செறிவாக வைத்த பட்டைக்குப் பாத எரிச்சலுக்காக 2020இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதற்காக வீட்டில் மிளகாயை அரைத்துப் பூசிவிடாதீர்கள். சுகரால் வந்த பாதிப்பின் வேகத்தைக் குறைக்கக்கூடியது சர்க்கரைக் கட்டுப்பாடுதான். அதிலும் டைப் 1 நோயாளிகளுக்குக் கிடைக்கும் பலன் டைப் 2இல் அவ்வளவு இல்லை.

பௌர்ணமிக்கு மூன்று அம்மன் தரிசனம் உண்டு. வெறுங்காலோடு நடக்கலாமா?

மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், நம்மூர் கொடியிடையம்மன் என ஒரே நாளில் போகிறவர்கள், சித்திரை வெயிலில் கல்தரை எப்படிச் சுடும் என்று அறிவார்கள். கால் மரத்தவர்கள் கெட்டியான பருத்திக் காலுறை அணிந்து, வெயில் ஏறுமுன் தரிசனத்தை முடிப்பது நல்லது. வீடு திரும்பியதும் பாதத்தையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். சிவப்போ கொப்புளமோ நிறமாற்றமோ தெரிந்தால், மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காலைச் சோதிப்பதற்குப் பெரிய ஸ்கேன் எதுவும் தேவையில்லை. 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையும் ஓர் இசைக்கவையும் போதும். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வழியாக வீட்டுக்கே மாத்திரை வருகிறது என்று காலைக் காட்டாமல் இருந்துவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது மருத்துவர் முன் செருப்பைக் கழற்றுங்கள். அவர் பார்க்காவிட்டால், பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.