இரத்த அழுத்தம் பார்க்கும் இடத்தில் மனநலம்

நோய் முற்றியபின் மருந்து தருவதோடு நில்லாமல், அது வருவதற்கான காரணங்களை முன்கூட்டியே அறிந்து விலக்குவது தடுப்பு மருத்துவம் எனப்படும். தடுப்பூசி, தூய குடிநீர் என உடலைச் சார்ந்தே பெரிதும் அறியப்பட்ட இக்கருத்தை மனத்திற்கும் விரித்து, மனநலத்தை வளர்ப்பதற்கும் மனநோயைத் தடுப்பதற்குமான திட்டங்களைச் செயற்படுத்துவது அரசின் கடமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் 29ஆம் பிரிவில் வகுத்துள்ளது.

நெய்யூரில் 1838ஆம் ஆண்டிலேயே மருத்துவப் பணி தொடங்கப்பெற்றதும், 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவு கண்டதுமான கன்னியாகுமரி மாவட்டத்தில் மருத்துவமனைக்குச் செல்வதில் மக்களுக்குப் பெரிய தயக்கமில்லை. தயக்கமெல்லாம் மனநல மருத்துவரின் வாசலில்தான். ஆகவே துயரம் உறக்கமின்மையாகவும் நெஞ்சுப் படபடப்பாகவும் தீராத உடல்வலியாகவும் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறது. மனவேதனை இவ்வாறு உடல்வழி வெளிப்படுவதை அறியாத இடத்தில், சோதனைகளில் குறையொன்றும் தெரியவில்லை என்ற ஆறுதலோடும் சத்து மாத்திரைகளோடும் அவ்வாறு வந்தவர்கள் திருப்பி அனுப்பப்படுகின்றனர்.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல், மனத்துயரை முன்கூட்டியே இனங்காணும் தேவையை மிகக் கடுமையாக உணர்த்தியது. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்யும் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களின் மீனவர்களுள் பலர் கரை திரும்பவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. இறப்பு உறுதியாகாத நிலையில் அழுது முடிக்கவும் இயலாமல், காத்திருப்பைக் கைவிடவும் இயலாமல் குடும்பம் தவிப்பதை உளவியலாளர் பாலின் பாஸ் தெளிவற்ற இழப்பு என்று விளக்குகிறார். இது நோயன்று, இயல்பான துயரமே. எனினும் கவனிப்பாரின்றி ஆண்டுக்கணக்கில் நீளும்போது மனச்சோர்வாக மாறக்கூடும். குடும்பத்துக்கு அரசு வழங்கிய 20 லட்சம் ரூபாய் வாழ்வுக்குத் துணையானாலும் இத்தவிப்பை அது தணிக்க முடியாது.

இத்தகையோரை இனங்காண்பதற்கு மருத்துவ உலகம் இரண்டு எளிய கேள்விகளைப் பயன்படுத்துகிறது: கடந்த இரு வாரங்களில் செய்யும் செயல்களில் நாட்டம் குறைந்ததா, மனம் சோர்ந்தும் நம்பிக்கையற்றும் இருந்ததா என்பன அவை. விடைகளின் மதிப்பெண் ஆறுக்கு மூன்றையோ அதற்கு மேலோ எட்டினால் விரிவான ஆய்வு தேவை. அது நோய்த் தீர்ப்பு ஆகாது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசுத் திட்டத்தின் பணியாளர்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடுதேடிச் செல்கையிலேயே இவற்றையும் கேட்கலாம். சர்க்கரை நோயும் மனச்சோர்வும் சேர்ந்து வருத்திய 404 பேரிடம் சென்னை உள்ளிட்ட நகரங்களில் நடத்தப்பெற்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மருத்துவரல்லாத பராமரிப்பாளர்களின் தொடர் கவனிப்பைச் சேர்த்தபோது இரண்டு நோய்களிலும் கூடுதல் முன்னேற்றம் காணப்பட்டது.

ஆனால், கேட்டபின் அனுப்பிவைக்க ஓர் இடம் இல்லையெனில் கேள்வி வீண். கட்டணமில்லாத் தொலைபேசி ஆலோசனைக்கு 14416 என்ற எண் உள்ளது. மாவட்ட மனநலத் திட்டமும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அடுத்த படிகள். அதனினும் முதன்மையானது மறைகாப்பு. ஒருவர் முதுகில் ஒருவர் இடித்து நிற்கும் ஓ.பி. வரிசையில் மேசைக்கு அப்பாலிருந்து கேட்டால் ஒன்றுமில்லை என்ற விடையே கிடைக்கும். ஆதலால் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கதவு சாத்திப் பேச ஓர் அறையும், சொன்னது ஊருக்குள் பரவாது என்ற உறுதியும் முதலில் வேண்டும்.