முதுமை மறதியும் மறதி நோயும்

முதுமையில் மறதி இயல்பே என்று வாளாவிருப்பது நம்மவர் வழக்கம். மூக்குக் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடி எடுப்பது இயல்பான மறதி. 40 ஆண்டு நடந்த வழியில் வீடு திரும்பத் தெரியாமல் திகைத்து நிற்பது அவ்வாறன்று. 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் எடுத்துரைத்த மூளை நோயே இதற்கு முதன்மையான காரணம். அதனை முற்றும் போக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும், தைராய்டு குறைவாலும், பி12 வைட்டமின் குறைவாலும், மனச்சோர்வாலும் மறதி உண்டாகலாம். இவை மருத்துவத்தால் சீர்படக்கூடியவை. ஆதலின் காலந்தாழ்த்தாது மருத்துவரைக் காண்பதே நன்று.

அங்கே ஒன்றைக் கருத வேண்டும். மருத்துவர்கள் பரவலாகக் கையாளும் நினைவுச் சோதனையொன்று 1975இல் அமெரிக்காவில் வெளியானது. அதன் மொத்த மதிப்பெண் 30. இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல், ஒரு வாக்கியம் எழுது என்பன போன்றவை அதிலுள்ள வினாக்கள். பள்ளிக்கூட வாசலையே மிதியாமல் பால்மரம் சீவி வாழ்ந்த பாட்டி, நோய் இல்லாமலே இதில் குறைந்த மதிப்பெண் பெறக்கூடும். நன்கு கற்றவரோ, நோய் தொடங்கிய பின்னும் நிறைந்த மதிப்பெண் பெறக்கூடும்.

ஆகவே, முதியோரைத் தனியே அனுப்புதல் கூடாது. அன்றாடம் உடனிருப்பவர் ஒருவர் கூடச் சென்று, அவர் எவ்வளவு படித்தவர், எம்மொழி பேசுபவர் என்பதை முதலில் தெரிவிக்க வேண்டும். பின்னர், முன்பு தடையின்றிச் செய்த எந்த வேலையில் இப்போது தடுமாறுகிறார், அஃது எப்போது தொடங்கியது என்பதைச் சொல்ல வேண்டும். குழம்புக்கு இருமுறை உப்பிட்டதும், கடையில் சில்லறை எண்ணத் திணறியதும் மருத்துவருக்கு வேண்டிய செய்திகளே. எழுத்தறியாமை வேறு, நோய் வேறு. இரண்டையும் பிரித்துக் காட்ட வல்லவர் வீட்டாரே.