நிகரான ஆட்டமும் நிகரல்லாத கருவிகளும்

கணினித் திரையின்கண் பலர் ஒருங்கு கூடி ஆடும் போர்விளையாட்டுக்களைப்பற்றி எம் மாணவரிடையே நாடோறும் வழக்குகள் எழுகின்றன. அவற்றுள் ஒன்று ஓயாதது. இரு கட்சியாருக்கும் தாக்கும் ஹெலிகாப்டர் ஒவ்வொன்று தரப்பட்டிருக்கின்றது. அவை இரண்டும் உண்மையில் நிகரானவைதாமா என்பதே அவ்வழக்கு. தோற்றவர் பொறியின்மேற் பழி சுமத்துவர். வென்றவர் தம் திறமையே காரணம் என்பர். இதற்குத் தீர்ப்புக் கூற யாம் முற்படவில்லை. நிகர் என்னுஞ் சொல்லுக்கு ஈண்டுப் பொருள் யாது, ஆட்டம் வகுப்போர் அதனை எவ்வாறு உண்டாக்குகின்றனர், எவ்விடத்தில் அது வழுவுகின்றது என்பவற்றை மட்டும் விளக்கக் கருதினோம்.

இவ்வாட்டங்களை அறியாத பழைய மாணவரும் இம்மலரை வாசிப்பாராதலின் சிறிது முன்னுரை வேண்டும். ஸ்வீடன் நாட்டு டைஸ் நிறுவனத்தார் 2011இல் வெளியிட்ட பேட்டில்ஃபீல்டு 3 என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். கணினியில் ஆடுங்கால் இதில் ஒரே களத்தில் 64 பேர் வரை, கட்சிக்கு 32 பேராக, எதிர்த்து நிற்கலாம். பெரும்பாலோர் தரையில் ஓடித் திரியும் காலாட்கள். அமெரிக்கக் கட்சிக்கு வைப்பர் எனப்படும் ஏ.எச்.-1இசட் ஹெலிகாப்டரும், ரஷியக் கட்சிக்கு மி-28உம் உரியன. ஒவ்வொன்றிலும் இருவர் அமர்வர். ஒருவர் ஓட்டிக்கொண்டே ஏவுகணை விடுப்பர், மற்றவர் துப்பாக்கியை இயக்குவர். கைதேர்ந்த இருவர் அதில் ஏறிவிட்டால் தரையிலுள்ளோர் தலைதூக்க இயலாது. ஆகவே ஒரு ஹெலிகாப்டர் மற்றதினும் சிறிது மேம்பட்டதாயின், நட்டம் அதில் ஏறிய இருவரோடு நில்லாது; எஞ்சிய முப்பதின்மரின் மாலைப்பொழுதும் வீணாகும். இவ்வழக்கு இத்துணைச் சூடுபிடிப்பதன் காரணம் இதுவே.

எண்ணிக்கையிலும் கருவியிலும் ஒத்திருப்பின் நிகர் என்று கொள்ளுவது எளிது. அக்கொள்கை எவ்வளவு நிலைக்கும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே ஒரு சான்று உண்டு. 1782ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், நாகப்பட்டினத்துக்கு எதிரே, பிரெஞ்சுத் தளபதி ஸுப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் பொருதனர். போர்வரிசையில் நின்ற கப்பல்கள் ஒருபுறம் 11, மறுபுறமும் 11. காகிதத்தில் இதனினும் செவ்விய நிகர்மை வேண்டுவதில்லை. ஆயின் காற்றின் மேற்புறம் ஹியூஸின் வசம் இருந்தது. விரும்பியபோது நெருங்கவும் விரும்பியபோது விலகவும் அவரால் இயன்றது. போர் நடுவே காற்றுத் திடீரெனத் திசை மாறி இரு வரிசைகளையும் குலைத்துவிட்டது. அக்குழப்பத்தில் ஸெவேர் என்னும் பிரெஞ்சுக் கப்பலின் தலைவர் கொடியை இறக்குவித்தார். அவர்கீழ் இருந்த அதிகாரிகளோ அதற்கு இணங்காமல் மறுபடியும் ஏற்றினர். எக்கப்பலும் பிடிபடவில்லை. எனினும் பிரெஞ்சுப் பக்கத்தில் மாண்டவர் 178 பேர், காயமுற்றோர் 601 பேர். ஆங்கிலப் பக்கத்தில் 77 பேரும் 233 பேரும். அவ்வாண்டிற் காரைக்காலின் கரையில் நின்று பீரங்கி முழக்கம் கேட்டோர்க்கு, பதினொன்றும் பதினொன்றும் ஒன்றென்று எவரேனும் சொல்லியிருப்பின் நகைத்திருப்பர்.

ஆகவே கருவியின் எண்ணிக்கையன்றி, களத்தின் நிலையும் கருவியைப் பிடித்த கையும் கணக்கில் வரவேண்டும். இதனை மனத்திற்கொண்டு ஹெலிகாப்டர்களுக்குத் திரும்புவோம்.

மெய்யுலகில் வைப்பரும் மி-28உம் ஒன்றுக்கொன்று சிறிதும் ஒப்பன அல்ல. முன்னது ஏறத்தாழ 8.4 டன் வரை எடைகொண்டு எழும்புவது. மூன்று குழல்களையுடைய 20 மில்லிமீட்டர் துப்பாக்கி பூண்டது. பின்னது 11 டன்னுக்கு மேற்பட்டது. அதன் துப்பாக்கி 30 மில்லிமீட்டர். இவ்வேற்றுமைக்காகப் படைகள் வருந்துவதில்லை. மெய்ப்போரில் நிகர்மையை விரும்புவார் எவருமிலர். தமக்கு வேண்டியது எதுவோ அதனையே நாடுவர். 2022இல் நம் விமானப்படையிற் சேர்ந்த பிரசண்ட் ஹெலிகாப்டர் 5.8 டன் அளவில் இலேசாக அமைக்கப்பட்டது இமயத்தின் மெலிந்த காற்றில் ஏறவேண்டும் என்பதற்காகவேயன்றி, வேறு நாட்டு ஹெலிகாப்டருக்கு இணை காட்டுவதற்காக அன்று. நிகர்மை என்பது ஆட்டத்துக்கே உரிய கவலை.

அக்கவலையைப் பேட்டில்ஃபீல்டு ஆட்டத்தார் எளிய வழியில் தீர்த்தனர். உருவத்தை மட்டும் மெய்யுலகினின்றும் வாங்கிக்கொண்டு, வலிமையையும் தாங்குதிறனையும் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே வைத்தனர். சதுரங்கத்தில் வெள்ளைக் குதிரைக்கும் கருங்குதிரைக்கும் நடை ஒன்றாதல் போல. ஆயின் உருவம் வாங்கியதனாலேயே வேற்றுமையும் பின்வாயில் வழியாகப் புகுந்துவிட்டது. வைப்பரின் குலத்து முதல்வனாகிய கோப்ரா 1965இல் முதன்முதற் பறந்தபோது, எதிரேயிருந்து பார்ப்போர்க்கு இலக்காகாவண்ணம் அதன் உடல் சுமார் மூன்றடி அகலமே இருக்குமாறு செய்யப்பட்டிருந்தது. அந்த ஒடுங்கிய வடிவு வைப்பருக்கும் வந்தது. மி-28 பருத்தது, அதன் கண்ணாடிகள் குண்டு துளைக்காத் தட்டைப் பலகைகள், சட்டங்களும் தடித்தவை. ஒரே எண்ணிக்கையான அடியை இரண்டும் தாங்கும் எனினும், பருத்ததன்மேல் அடி எளிதிற் படும். தடித்த சட்டம் ஓட்டுபவர் பார்வையில் ஒரு பகுதியை மறைக்கும். அட்டவணையிலுள்ள எண்களை ஒப்பிட்டு நிகர் என்று சாதிப்போர் இதனைக் காண்பதில்லை. எம் கருத்தில் மாணவர் முறையீட்டில் உண்மை இருக்குமாயின், அது பெரும்பாலும் இவ்விடத்திலேயே இருக்கும்.

இனி, வேற்றுமையை ஒழிக்காமலே நிகர்மை உண்டாக்கலாகுமோ எனின், ஆகும். நம் முன்னோர் திண்ணையிற் சுண்ணாம்புக் கோடு கீறி அதனைச் செய்தனர். ஆடுபுலி ஆட்டத்தைச் சொல்லுகின்றோம். பெருவழக்காயுள்ள முறையில் 23 சந்திகள். புலி 3, ஆடு 15. புலி தாவி ஆட்டை வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. ஆடுகளோ ஒவ்வொன்றாகக் களத்திற் புகுந்து, கூட்டமாய் நின்று, புலி அசையாதபடி அடைத்தால் வெற்றி. வலிமையில் ஒப்புமை இல்லை, எண்ணில் இல்லை, வெற்றியின் இலக்கணத்திலுங்கூட இல்லை. ஆயினும் தேர்ந்த இருவர் ஆடும்போது முடிவு இன்னதென முன்கூட்டிச் சொல்லலாகாது. இங்கே தராசின் படிக்கல்லாவது ஆட்டின் தொகை. ஆடுகள் சிலவற்றைக் குறைத்துப் பாருங்கள்; புலியை அடைக்கப் போதிய உடல்கள் இரா. மிகுத்துப் பாருங்கள், புலி மூச்சுத்திணறும். இக்கணக்கை எவர் எவ்வூரில் முதலிற் கண்டனரோ, பல்லாயிரம் மாலைகளின் சோதனையன்றி வேறு கருவி அவரிடம் இருந்திராது. நேபாளத்தில் இதன் உறவாகிய பாக்சால் என்னும் ஆட்டம் 4 புலியும் 20 ஆடும் கொண்டு 25 சந்திகளில் ஆடப்படுவது. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்னும் இரு அறிஞர் கணினியின் துணையால் அதனை ஆராய்ந்து, இருபாலாரும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வி இன்றியே முடியும் என்று நிறுவினர். இதனினும் துல்லியமான நடுநிலை வேறு யாது?

வார் தண்டர் என்னும் ஆட்டத்தார் இந்நெறிக்கு அணுக்கமானவர். 2018இல் அவ்வாட்டத்தில் ஹெலிகாப்டர்கள் புகுந்தன. பொறிகளை மெய்யுலகத் தன்மைக்கு இயன்றவரை நெருங்க வைப்பது அவர் விருதாதலின், ரஷியக் கா-52ஐயும் அமெரிக்க அப்பாச்சியையும் ஒன்றாக வார்க்க அவரால் இயலாது. அதற்கு மாறாக ஒவ்வொரு பொறிக்கும் ஒரு தர எண் இடுகின்றனர். ஒருவர் தம் எண்ணினும் 1.0க்கு மேல் உயர்ந்த பொறியை எதிர்க்க நேராதபடி ஆட்டம் கூட்டப்படும். ஒரு பொறி மிகுதியாய் வென்றுகொண்டிருந்தால் பொறியைத் திருத்தாமல் எண்ணை உயர்த்துவர். அது வலிய பகைவரிடையே போய் விழும்.

கேட்பதற்கு அழகிய முறைதான். ஆனால் அந்த எண் எங்கிருந்து பிறக்கின்றது? ஆடினோர் எய்திய பயனிலிருந்து. இங்கே கை என்னும் காரணம் மறைந்து நின்று ஏமாற்றுகின்றது. ஓட்டக் கடினமான ஒரு ஹெலிகாப்டரைப் புதியோர் தொடார், பழகிய சிலரே எடுப்பர், அவர் வெல்லுவர், பொறி வலியதென்று கணக்குக் காட்டும். எளியதொன்றை எல்லாரும் எடுத்துத் தோற்பர். அது மெலிந்ததென்று கணக்குக் காட்டும். மிகுந்த தேர்ச்சியர் வாழும் தெருவில் விற்கப்படும் வீணைகளே சிறந்தவை என்று முடிவு கட்டுதல் எத்தன்மையதோ அத்தன்மையது இது. யாம் அறிய, வெற்றி விழுக்காட்டை மட்டும் எடுத்துக்காட்டி வாதாடும் மாணவர் பலர் இக்குழியில் விழுகின்றனர்.

கையின் வேற்றுமையை நீக்க ஒரு பழைய உபாயம் உண்டு. கபடியிலும் கால்பந்திலும் பாதி ஆட்டம் கழிந்ததும் பக்கம் மாற்றுகின்றோம் அல்லவா? 2023இல் வந்த கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஆட்டத்திலும் 12 சுற்றுக்களின்பின் கட்சிகள் இடம் மாறுகின்றன. ஹெலிகாப்டர் வழக்கிலும் அதுவே செய்யலாம். ஒரே இருவர் இருக்கை மாறாமல் வைப்பரில் பத்து ஆட்டம், அதே களத்தில் மி-28இல் பத்து ஆட்டம் ஆடி, எதிரே அமர்பவரும் அவ்வாறே மாறிக்கொண்டால், கையின் பங்கு இருபுறமும் ஒன்றாகிவிடும். எஞ்சுவது பொறியும் புறப்படும் இடமும். அவ்விரண்டையும் பிரிப்பது இன்னும் கடிது. ஒரு கட்சி விமானந்தாங்கிக் கப்பலினின்றும் மறுகட்சி கரையினின்றும் எழும் களங்களில், கடல்மேல் வருவோர்க்கு ஒளிய ஒரு மரமும் இல்லை. கரைப்பக்கத்தாருக்கு மேடும் கட்டிடமும் உண்டு. ஹியூஸுக்குக் காற்று எதுவோ, இவர்க்கு அம்மேடு அது. அத்தகைய களத்தில் எடுத்த கணக்கை, வானம் இருபாலார்க்கும் ஒப்பத் திறந்த வேறொரு களத்தின் கணக்கோடு அடுத்து வைத்துப் பார்த்த பின்னரே வைப்பரைப்பற்றியோ மி-28ஐப்பற்றியோ ஒரு சொல் சொல்லலாகும். எம் விடுதியில் இதுவரை நிகழ்ந்த வழக்குகளில் அவ்வாறு பார்த்துப் பேசினார் ஒருவரையும் யாம் கண்டிலேம்.