கம்பளிக்கு மாவிலைச் சாயம்

முதலமடை என்றால் மாம்பழம்தான். நெல்லியாம்பதி மலையடிவாரத்துத் தோப்புகளில், நாட்டின் பிற பகுதிகளுக்கு முன்பே காய் பறிப்புத் தொடங்கிவிடும். கம்பளிக்கோ நீலகிரி ஏற வேண்டும். உதகை அருகே சாண்டிநல்லாவில் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாட்டுச் செம்மறியோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் கலந்து 19-ஆம் நூற்றாண்டில் உருவான நீலகிரி ஆட்டின் ரோமம் மென்மையானது. தோப்பில் கவாத்து செய்து ஒதுக்கிய மாவிலை அந்த ரோமத்துக்கு நல்ல மஞ்சள் தரும்.

ரோமம் நம் தலைமுடியைப் போலக் கெரட்டின் என்ற புரதம். புளிப்பான நீரில் அது நேர்மின்னேற்றம் பெறும்; எதிர்மின்னேற்றமுள்ள அமிலச் சாயம் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். கடைச் சாயப்பொடியோடு வினிகர் ஊற்றுவது இதற்காகத்தான். மாவிலைக்கு வேறு கணக்கு: படிகாரத்திலுள்ள அலுமினியம் ரோமத்தையும் இலையின் நிறமியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது.

100 கிராம் ரோமத்தைப் பூந்திக்கொட்டை நீரில் அலசி, பிசுக்கை எடுங்கள். பத்துப் பன்னிரண்டு கிராம் படிகாரம் கரைத்த நீரில் ஒரு மணி நேரம் மெல்லச் சூடேற்றி ஆறவிடுங்கள். பிறகு மாவிலையைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றில் அதே நிதானத்தோடு இன்னொரு மணி நேரம். கிளறத்தான் கூடாது. ஒவ்வொரு மயிரின் மேலும் மீன் செதில் போல அடுக்குகள் உண்டு. சூட்டில் அலைக்கழித்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு ரோமம் கட்டியாகிவிடும். கொதிநீரிலிருந்து எடுத்துக் குளிர்நீரில் போட்டாலும் இதே கதிதான். கட்டியானதை நூல் நூற்கும் தக்ளியில் இழுக்க முடியாது.

மஞ்சள் மட்டும் போதாதா? துருப்பிடித்த ஆணி ஊறிய வினிகரை ஒரு கரண்டி அந்தச் சாற்றில் சேர்த்துவிடுங்கள். நிறம் பாசிப்பச்சைக்கு இறங்கும். அளவு மிஞ்சினால் ரோமம் சொரசொரப்பாகும். மாவிலைக்குப் பதில் சமையல் மஞ்சளைப் போட்டால் முதல் நாள் கண்ணைப் பறிக்கும், வெயில் பட்டால் வெளிறிவிடும். நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

நூற்பதற்கு முன்பே சாயமிடுவதில் புதியவர்களுக்கு ஒரு வசதி. அங்கங்கே திட்டாகச் சாயம் ஏறினாலும் சிக்கெடுத்து நூற்கும்போது அது கலந்து மறைந்துவிடும். மஞ்சளையும் பச்சையையும் சேர்த்து இழுத்தால், எந்தச் சாயப் பானையிலும் கிடைக்காத ஒரு நூல் வரும்.

மாம்பால் சிலர் தோலில் கொப்புளம் எழுப்பும். கையுறை போட்டு இலையை நறுக்குங்கள். சாயம் காய்ச்சிய பாத்திரத்தில் பிறகு சோறு வடிக்க வேண்டாம்.