சிறகு முளைத்த குதிரைகள்

குதிரைக்குச் சிறகு முளைத்துப் பார்த்திருக்கிறீர்களா? இத்தாலியில், ரோம் நகருக்கு வடக்கே தர்க்வீனியா என்ற ஊரின் பொருட்காட்சிசாலைக்குப் போனால் ஒரு ஜோடியையே பார்க்கலாம். சுட்ட களிமண்ணால் ஆனவை. வயது சுமார் 2,400!

ரோமாபுரி தலையெடுக்கும் முன்பே அந்தப் பக்கத்தில் சிறப்பாக வாழ்ந்தவர்கள் எட்ரூஸ்கர்கள். கல் அஸ்திவாரத்தின்மேல் மரத்தால் கோயில் எழுப்பினார்கள். மழையில் நனைந்தால் மரம் உளுத்துவிடுமே! ஆகவே உத்தரங்களின் முனைகளைச் சுடுமண் பலகைகளால் மூடினார்கள். ஒரு பலகையில்தான் இந்தக் குதிரைகள். கூரையோரத்து ஓடுகளில், நாக்கைத் தொங்கவிட்ட கோர்கன் என்ற அரக்கியின் முகங்கள்.

1938-ல் தோண்டியபோது குதிரைகள் நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகளாய்க் கிடந்தன. பொறுமையாக ஒட்டவைத்தார்கள். அவை பூட்டியிருந்த ரதம் மட்டும் அகப்படவில்லை.

கோயில் மரம் மண்ணோடு மண்ணாகிவிட்டது. அதைக் காக்க வந்த மண்ணோ, இன்னும் பறக்கத் தயாராக நிற்கிறது!