திருவுளச்சீட்டும் பாம்புக்கடி வைத்தியமும்

அறுவடைக் காலம் வந்தால் வன்னியில் பாம்புக்கடியும் வந்துவிடுகிறது. வரம்பிலே கண்ணாடி விரியன் தீண்டியவருக்கு, விஷம் ஏறிய அறிகுறி கண்டால் வைத்தியசாலையில் விஷமுறிவு மருந்து ஏற்றுகிறார்கள். உயிர் காக்கும் மருந்து அது. ஆனால் குதிரையின் இரத்தத்திலிருந்து பெறப்படுவதால் பலருக்கு ஒவ்வாமை உண்டாகிறது. தோல் தடிக்கும், மூச்சு முட்டும், இரத்த அழுத்தம் விழும்.

இதைத் தடுக்க ஐதரோகோர்ட்டிசோன், புரோமெதசின் ஆகிய ஊசிகளை முன்கூட்டியே போடுவது நெடுநாள் வழக்கம். அவை பலன் தருகின்றனவா என்று எப்படி அறிவது?

வைத்தியர் தாமே ஆள் பார்த்துக் கொடுத்தால், வருத்தம் கூடியவருக்கே கொடுக்கத் தோன்றும். பின்னர் அவர் மோசமடைந்தால், குறை மருந்திலா விஷத்தின் கடுமையிலா என்று பிரித்தறிய முடியாது. பள்ளக்காணிக்குப் புதுப் பசளையும் மேட்டுக்காணிக்குப் பழைய பசளையும் போட்டு விளைச்சலை ஒப்பிடுவது போன்றதே இது. இதற்கான வழியும் வயலில்தான் பிறந்தது. எந்தத் துண்டுக்கு எந்தப் பசளை என்பதைச் சீட்டின் போக்கில் விடவேண்டுமென்று, 1920களில் இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த றொனால்ட் பிஷர் காட்டினார்.

"சீட்டுக் குலுக்கியா வைத்தியம் பார்ப்பது?" என்று நாம் முகம் சுழிக்கலாம். 2005 முதல் 2008 வரை இலங்கை வைத்தியசாலைகளில் 1,007 பேரிடம் நடந்த ஆய்வைப் பாருங்கள். விஷமுறிவு மருந்து எல்லோருக்கும் கிடைத்தது. அதில் சீட்டு இல்லை. அதற்கு முன் போடும் ஊசி மட்டுமே சீட்டின்படி அமைந்தது. சிலருக்கு அட்ரினலின், சிலருக்கு மற்ற இரண்டில் ஒன்று, சிலருக்கு இவை சேர்த்து, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. எவருக்கு எது என்பதை நோயாளியும் அறியார், வைத்தியரும் அறியார்.

முடிவு 2011இல் வெளியானது. நூற்றுக்கு 75 பேருக்கு ஒவ்வாமை கண்டது. தோலுக்கடியில் சிறிதளவு போட்ட அட்ரினலின், முதல் மணித்தியாலத்தில் கடுமையான ஒவ்வாமையை 43 சதவீதம் குறைத்தது. வழக்கத்திலிருந்த மற்ற இரண்டும் குறைக்கவில்லை. ஐதரோகோர்ட்டிசோனைச் சேர்த்தபோது அட்ரினலினின் பலனும் அற்றுப்போயிற்று. நல்லெண்ணத்தோடு செய்த வழக்கம் நன்மை தரவில்லை என்பதைச் சீட்டே காட்டியது.

நாளை எம்மவரிடமும் இத்தகைய ஆய்வுக்குச் சம்மதம் கேட்கப்படலாம். அப்போது மூன்றைக் கேட்போம்: தேவையான சிகிச்சை எப்படியும் கிடைக்குமா? மறுத்தால் கவனிப்புக் குறையுமா? ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி உண்டா?

பாம்பு கடித்தால் வெட்டாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட அங்கத்தை அசையவிடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வோம். அதற்குச் சீட்டுத் தேவையில்லை.